நாலரை அங்குலம்

கோட்டைக்குள் இருக்கிறது எங்கள் காணிக் கிளை.
மழை பிடித்தால் சுவர் வியர்க்கும்.
முன்னூற்றுச் சொச்சம் வருடத்துச் சுண்ணாம்பு
கோப்புகளின் மேல் உதிரும்.
வாசலில் ஒரு பீரங்கி, வாவியைப் பார்த்தபடி.
அதன் வாய்க்குள் யாரோ
வெறும் சோடாப் போத்தலைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்றைக்கு வெல்லாவெளி வட்டைப் பிணக்கு.
வேலாப்போடி, கதிர்காமத்தம்பி.
நடுவரம்பைப் போகத்துக்குப் போகம்
மண்வெட்டியால் சீவிச் சீவி
நாலரை அங்குலம் தன் பக்கம் எடுத்துவிட்டாராம் ஒருவர்.
"அங்குலம் இல்ல மிஸ், அது எங்கட சோறு."
"மறுகா, போன வரட்சிக்கு இவர்ர வயலுக்கு
ஆர் தண்ணி விட்ட?"
ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வந்திருந்தார்கள்,
குருமண்வெளிப் பாதையில் ஏற்றிக் கடந்து.
எங்கோ யுத்தமாம், எண்ணெய்க் கப்பல் வரவில்லையாம்.
பெட்ரோல் காசு பாதிப் பாதி.

நில அளவையாளர் ஜெயசீலன் சிரித்தார்:
"உலகத்துச் சண்டையெல்லாம் இதுதான்,
வரம்புதான் கொஞ்சம் பெரிசு."
அவருடைய போனில் அப்போது
ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது,
சத்தம் குறைத்து.

நானும் தலையாட்டினேன்.
தேநீர் குடிக்கும்போதுதான் உறுத்தியது.

வரம்பு சீவுகிறவன்
முழங்கால் வரை சேற்றில் நிற்கிறான்.
களவெடுத்த மண் அவன் நகத்திலேயே இருக்கிறது.
பக்கத்து வயல்காரன் வருகிறானா என்று
நிமிர்ந்து நிமிர்ந்து கழுத்து நோகிறது அவனுக்கு.
செத்த வீடென்றால் நாளைக்கு
இருவரும் ஒரே பாடைக்குத் தோள் கொடுக்கவேண்டும்.

பெரியவர்களுக்குக் கழுத்து நோவதில்லை.

அலுமாரியில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது.
வாகரைக் கரை. கறுப்பு மணல். இல்மனைட்.
அதிலிருந்து வீட்டுச் சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட் வருமாம்,
போர் விமானத்துக்கு உடம்பும் வருமாம்.
வரைபடத்தில் கடலோரம் முழுக்க
யாரோ வெகு சுத்தமாக மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.
மஞ்சளுக்கு அடியில் ஒரு தோணித்துறை,
ஒரு சுடலை,
கருவாடு காயும் வெளி,
போன தவணை மனுக் கொண்டுவந்த
பாக்கியநாதியின் கிணறு.
பூசிய கை நடுங்கவில்லை.
ஓரம்கூடப் பிசகவில்லை.

'பெற்றுக்கொண்டேன்' என்று கீழே
என் சுருக்கொப்பம்.

பசி என்று அவர்கள் சொல்வதில்லை.
பசித்தவன் எந்தக் காலத்தில் படை நடத்தினான்?
பாதுகாப்பு என்பார்கள்.
பாட்டன் காலத்து எல்லை என்பார்கள்.
உங்களுக்காகத்தான் என்றுகூடச் சொல்வார்கள்,
அப்போதுதான் அதிகம் பயப்படவேண்டும்.
எனக்கு வேண்டும் என்ற ஆசைக்குச்
சந்தை போதும், காசு போதும்.
'அவன் முந்திவிட்டால்?'
என்ற ஒன்றுக்குத்தான்
இத்தனை கப்பல், இத்தனை பிள்ளைகள்.
முந்திவிடுவான் என்று இவன் போக
போய்விட்டான் என்று அவன் வர
நடுவில் ஒரு ஊர் இருந்தது
என்பதை எரிந்த பிறகு
பெயர் சொல்லிப் பழகுகிறது செய்தி,
அதையும் பிழையாக.

இந்தச் சுவரும் அப்படி வந்ததுதான்.
கறுவாவுக்காக ஒருவன் கட்டினான்.
கறுவாவுக்காக இன்னொருவன் பிடுங்கினான்.
மூன்றாமவன் வந்து, கச்சேரி வைத்து,
கதிரை மேசை போட்டுவிட்டுப் போனான்.

மதியச் சோற்றில் இன்று ஒரு துண்டு கறுவா கிடந்தது.
எடுத்துப் பெட்டியின் மூடியில் வைத்தேன்.
எல்லோரும் அப்படித்தான்.
கறுவாவை யாரும் தின்பதில்லை.

வட்டையில் தண்ணீர் வற்றட்டும், அளப்போம் என்று
தவணை கொடுத்தாயிற்று.
யன்னலால் பார்க்கிறேன்.
மூன்றாவது உதையில் பிடிக்கிறது சைக்கிள்.
வேலாப்போடி ஓட்ட,
பின்னாலிருந்து கதிர்காமத்தம்பி
அவர் சட்டையைப் பிடிக்கிறார்,
குழியில் விழுந்தால் விழாமலிருக்க.