குழாய்ச் சின்னம்

குழாய் என்றால் என் தொழிலில்
மரத்தில் ஏற்றிக் கட்டும் கூம்பு.
"சடங்கு வீட்டுக்கு ரெண்டு குழாய் வேணும், அடைக்கலம்."
பள்ளத்தூரில் இன்றைக்கும் அப்படித்தான் கேட்பார்கள்.
வயிரவன் சுயேச்சையாக நின்றபோது
அவருக்கு ஒதுக்கிய சின்னமும் குழாய்,
தண்ணீர் வரும் குழாய்.
ஆக, குழாயில் குழாய்க்கு ஓட்டுக் கேட்டோம்
பத்து நாள்.

பதினொன்றாம் நாள் சாருலதா வந்தார்.
நாலு மணி என்றது ஏழரை.
அதுவரை ஜனத்தைக் கலையாமல் வைத்திருந்ததும்
அவர் குரல்தான், என் பென்டிரைவில்.
காரிலிருந்து இறங்கியபோது
கூட்டம் ஒரு நொடி ஏமாந்தது.
அந்தக் குரலுக்கு
இவ்வளவு சின்ன உடம்பா?

தொண்டை கட்டியிருந்தது.
"வாயசைப்பாங்க, நீ ஓடவிடு" என்றார் மேனேஜர்.
இருபத்தாறு வருஷமாக ஒலி பார்க்கிறேன்.
உதடு முந்தினாலும் தெரியும், பிந்தினாலும் தெரியும்.
அவர் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.
தொழில்காரி. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பேச்சை மட்டும் சொந்தத் தொண்டையில் பேசினார்.
தொடங்குமுன் மைக்கைக் கையால் பொத்திக் குனிந்து
"உங்க பேர் என்னண்ணே?"
பொத்தினால் கேட்காது என்று
எத்தனை பெரிய மனுஷர்கள் நம்புகிறார்கள்!
என் விரல் அதற்குள் சத்தத்தை இறக்கியிருந்தது.
ஹெட்போனில் எனக்கு மட்டும் விழுந்தது கேள்வி.
வயிரவன் தன் பெயரைச் சொன்னார்,
பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்வது போல.
விரலை ஏற்றினேன்.
"என் உடன்பிறவாத அண்ணன் வயிரவன்!"
நாலு குழாயும் அலறின.
விசில்.

இறங்கியதும் அவருக்கு அவசரம்.
எதிரே தெரு நீளத்துக்கு ஒரு வீடு,
முன்வாசல் இங்கே, பின்வாசல் அடுத்த தெருவில்.
சாவி கோயம்புத்தூரில்.
அடுத்த வீடும் பூட்டு.
மூன்றாவது, சினிமாவுக்கு வாடகை விடுவது,
அன்றைக்கு அதுவும் பூட்டு.
"என் பாட்டு ஒண்ணு இங்கதான் எடுத்தாங்க,
நான் வந்ததில்ல" என்றபடி
வேகமாக நடந்தார்.
சந்துக்குள் என் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன்.

அரை வாளி இருந்தது.
"பாத்து ஊத்துங்கம்மா" என்றாள் என் மனைவி.
வெளியே வந்து சொம்பில் வாங்கிக் குடித்துவிட்டு
"குழாய்த் தண்ணியா?" என்று கேட்டார்.
"லாரிங்க. குடம் பன்னெண்டு ரூபா.
குழாய் இருக்கு, காத்து வரும்."
அப்புறம், குத்தலே இல்லாமல்,
"அதத்தானே நீங்க மேல நின்னு சொன்னீங்க,
இங்கருந்து கேட்டேன்."

சாருலதா சொம்பைப் பார்த்தார்.
கொஞ்சம் மிச்சமிருந்தது.
அதையும் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

பத்து மணிக்குள் கொத்தமங்கலம்.
அதே பென்டிரைவ், அதே அண்ணன்,
இப்போது பெயர் தெரியும்.
கதையாக இருந்தால்
அங்கே ஏதாவது உடைத்துப் பேசியிருப்பார்.
பேசவில்லை.
குழாய் என்று சொல்லுமுன் மட்டும்
ஒரு மூச்சு தட்டியது,
அரை நொடி.
ஆம்ப்ளிஃபயர் முள் படுத்து எழுந்தது.
ஒயர் லூஸ் என்று நினைத்து
என் பையன் பலகைக்கு அடியில் குனிந்தான்.

வயிரவனுக்கு டெபாசிட் போயிற்று,
எனக்குப் பதினோராயிரம் பாக்கி.
ஜெயித்தவருக்கு ஒரு நடிகர் வந்துபோனார்.
அதற்கும் நான்தான் குழாய் கட்டினேன்,
முழுப்பணமும் முன்னால் வாங்கிக்கொண்டு.
அழகுமீனா யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.
அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை.

லாரி வரும் நாளில்
குடத்தின் மேல் செல்போனை வைத்து
சாருலதாவைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.
"இன்னுமா இத கேக்குற?"
"பாட்டு என்ன பண்ணுச்சு பாவம்" என்று
சத்தத்தைக் கூட்டுகிறாள்.
சின்ன ஸ்பீக்கர், கரகரக்கிறது.
கை பரபரக்கிறது எனக்கு,
கொஞ்சம் குறைத்துவிட.