புல எண் 87

கைகாட்டியில் இறங்கி மூன்று கிலோமீட்டர்.
பாலக்காட்டுக் கணவாயை விட்ட ஆடிக்காற்று
நேரே என் தொப்பிக்குத்தான் வருகிறது.
புலப்படத்தில் தட்டாம்பாறை வலசு
ஒரு உள்ளங்கை.
மேற்கே பாறை, புறம்போக்கு.
கிழக்கே புள்ளிக்கோடு: தண்ணீர் வந்தால் ஓடை,
வராத வருஷங்களில் டிராக்டர் தடம்.
நடுவில் கொரங்காடுகள்,
கொழுக்கட்டைப் புல், வெள்வேல்,
வேலடியில் காதை மட்டும் ஆட்டும் மாடு.
படம் வரைந்தவன் கையெழுத்தில்
கரையான் தின்றது போக 'மு' மிச்சம்.
அவன் வட்டம் போட்ட கிணற்றின்மேல்
காற்றாலை ஒன்று காலை ஊன்றியிருக்கிறது.

மாடு ஓட்டி வந்தவர்கள்
மாடு படுத்த இடத்தில் ஊரைப் போட்டார்களாம்.
எந்தத் தோட்டத்தில் படுத்தது என்பதில்
பங்காளி வீடுகள் இரண்டுக்கு
போன வருஷம்தான் கோர்ட்டில் ராஜி.
மாட்டுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?
பாறையைக் காட்டுகிறார்கள்.

மனு, கலாமணி கொடுத்தது.
நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து
மொபெட்டில் நேராக வந்திருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு.
"காலனீல இருந்து மயானத்துக்கு வண்டிப்பாதைங்.
படத்துல பன்னெண்டு லிங்க்குங்.
எம்பட மாமனார் செத்தப்ப
ரெண்டாளு சேந்தாப்ல நடக்க முடியாம
ஒத்தை மூங்கில்ல தூளி கட்டித் தூக்கிட்டுப் போனமுங்."

வேலிக்குக் கால் உண்டு என்று
இந்த உத்தியோகத்துக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.
கம்பி, நட்ட இடத்தில் நிற்கும்.
கிளுவை அப்படியில்லை.
ஒரு கொம்பை ஒடித்து
ஒரு சாண் தள்ளி ஊன்றினால் போதும்,
மழை கேட்காமல் பிடித்துக்கொள்ளும்.
எல்லா ஆடியிலும் அல்ல,
யாரும் பார்க்காத ஆடியில் மட்டும்.
ஐம்பது வருஷத்தில் அப்படி ஏழு கிடைக்கும்.
நாடா போட்டேன்: நாலே முக்கால் லிங்க்.
ஆடு போகலாம்.

பொன்னுலிங்கம் வந்தார், நான்கு இளநீரோடு.
"அளந்துக்குங்கொ, ஆரு வேண்டாங்கறா?
எங்கப்பன் வெச்ச வேலி, வெச்சாப்லயே இருக்குதுங்."
மூன்றைச் சீவினார்:
எனக்கு, செயின்மேனுக்கு, தலையாரிக்கு.
நான்காவது வண்டியிலேயே கிடந்தது.
கலாமணி மொபெட் கண்ணாடியைப் பார்த்துப்
பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள்.
நான் குடித்தேன். வெயில்.
அதை எழுதாமல் விட்டால் மற்ற அளவுகளும் பொய்.

எல்லைக்கல் இல்லாமல் எந்த அளவும் நிற்காது.
கல்லை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.
தலையாரிக்கு முழங்கால் வலி, அக்கட்டால போனதே இல்லை.
பால் சொசைட்டியில் சொன்னார்கள்,
"அது வெள்ளத்துல போயிருச்சுங்."
எந்த வெள்ளம் என்றேன்.
அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கறிக்கோழிப் பண்ணைக்குப் பின்னால்
ரஞ்சன், ஒடிசாக்காரன், வந்து எட்டு மாதம்,
பனியன் துவைத்துக்கொண்டிருந்தான்
ஒரு கல்லின்மேல்.
நுரையைக் கையால் வழித்தேன்.
அம்புக்குறி.
"நல்ல கல் அக்கா," என்றான், "ஆடாது."

ஆடவில்லை.
அங்கிருந்து பிடித்தோம்;
காற்று நாடாவை வில்லாக வளைத்தது,
மூன்று தடவை திரும்பப் பிடித்தோம்.
பன்னிரண்டு லிங்க் கிளுவைக்குள் புகுந்து
பொன்னுலிங்கத்தின் தட்டுப்போருக்கு
ஒரு முழம் முன்னால் நின்றது.
மஞ்சள் பெயிண்ட் அடித்தேன்.
அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே
என் அடையாள அட்டையைப் படம் எடுத்தார்.
ரஞ்சன் ஈரத் துணியோடு
வேறு கல் தேடிப் போனான்.

தாசில்தார் உத்தரவு வந்தால் பிடுங்கலாம் என்றேன்.
எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை.
"பிடுங்கற கொம்பை நான் எடுத்துக்கட்டுங்களா,
அடுப்புக்கு?"
பச்சைக் கிளுவை எரியாதே, கலாமணி.
"தெரியுமுங்.
மண்ணுல போட்டா கெடந்த எடத்துலயே தொளுத்துரும்.
காயற வரைக்கும்
எங்கூட்டுச் சிமிட்டித் தரையில கெடக்கட்டுமுங்."