உரிமச்சொல்

பெயர், வினை, இடை, உரி.
சொல்லை நான்காகப் பிரித்து முடித்தவர்கள்
டுலூத் நகரத்துப் பிப்ரவரியைப் பார்த்ததில்லை.
அங்கே ஐந்தாவதாக ஒன்று உண்டு:
உரிமச்சொல்.

சலவைக் கடையின் நிலவறை.
மேலே இயந்திரங்கள் யாருடைய போர்வையையோ
சுழற்றிக்கொண்டிருக்கின்றன.
கீழே, கழற்றிய கதவொன்றை இரண்டு பீப்பாய்மேல் போட்டிருக்கிறார்கள்.
அதுதான் மேசை.
கைப்பிடியை யாரும் எடுக்கவில்லை;
இருபது முகப் பகடை அடிக்கடி அதில் முட்டித் திரும்பும்.

இம்பி ஒன்பது வருடம் தாதுக்கப்பலில் சமைத்தவள்.
இப்போது ஒரு விளையாட்டு எழுதுகிறாள்:
நவம்பர்ப் புயலில் மூழ்கிய கப்பல்கள்
ஏரிக்கடியில் இன்னும் சரக்கேற்றிப் போகின்றன,
நாம்தான் மாலுமிகள்.
ஒரு வார்த்தைகூட இரவல் வாங்கமாட்டேன் என்றாள்,
பக்கத்து வீட்டில் உப்புக் கேட்காத வைராக்கியத்தோடு.

உயிர்ப்புள்ளி என்றா சொல்வது? மிதவை.
கவச எண்ணா? ஓட்டுக்கனம்.
நிலை உயராது, ஆழம் கூடும்.
சாவிலிருந்து தப்ப உருட்டும் வீச்சுக்குக்
கரைபிடிப்பு.

முதல் இரவு
டெல்பர்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எனக்கு மிதவை ஏழு. அப்படின்னா
உயிர்ப்புள்ளி ஏழுதானே?"
"ஆமா."
"அப்ப உயிர்ப்புள்ளின்னே சொல்லேன்."
ரொவீனா எதுவும் கேட்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால், பாடநூலின் அருஞ்சொற்பொருள் போல,
ஒவ்வொன்றுக்கும் பழைய பெயரை எழுதிக்கொண்டாள்.
ஒன்பது மணிக்குப் பனிப்பாளம் கப்பலை இடித்தது.
பத்தே காலுக்குத்தான்
யார் செத்தார்கள் என்று தெரிந்தது.

அன்றிரவு அந்த உரிமத்தைத் திறந்து படித்தாள்.
யாரோ தம் நிலத்தில் ஒரு பங்கை
ஊர்ப்பொதுவுக்கு எழுதிவைத்த பத்திரம்.
பட்டாவுக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் நடுவே
நூல் பிடித்த எல்லை.
உயிர்ப்புள்ளி, மேயலாம்.
கவச எண், மேயலாம்.
நிலை, தப்பும் வீச்சு, மந்திரத்தின் நீளம், மேயலாம்;
கடைசிப் பக்கத்தில் இது யார் நிலம் என்று
இரண்டு வரி போட வேண்டும்,
அதில் காற்புள்ளியைக்கூட நகர்த்தக் கூடாது.
வேலிக்கு அப்பால்
சில ஊர்கள், சில கடவுள்கள்,
பதினொரு வயதிலிருந்து அவள் நேசித்த
ஓர் இரும்புத்தவளை.

தவளையை அழித்தாள்.
சரியாக அழியவில்லை, ஒரு கால் மிஞ்சியது.
அந்தக் காலையே பார்த்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு அதை மேலே இழுத்து
விளக்கில்லாத ஒரு கலங்கரைக் கோபுரமாக்கினாள்.
மூடுபனியில் அது இடம் மாறும்.
உயிர்ப்புள்ளி: நாற்பத்திரண்டு.

அடுத்த வாரம் அந்த எண்ணைக் கேட்டதும்
டெல்பர்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.
விளக்கம் கேட்கவில்லை.
பயம் அகராதியைப் புரட்டிவிட்டு வரக் கூடாது,
அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மிதவை போயிற்று. ஓட்டுக்கனம் போயிற்று.
ஆழம் இரண்டு வாரம் அடம்பிடித்து, அதுவும்.
கரைபிடிப்பின் குறுக்கே கோடு போடப் போனபோது
டெல்பர்ட் கையை வைத்து மறைத்தான்.
"இது இருக்கட்டும்.
சொன்னா விரல் தானா இறுகுது."

பிறகு கடைசிப் பக்கம்.
எதைப் பொதுவில் விடுகிறாய், எது உன்னுடையது?
கோபுரத்தைத் தயங்காமல் தன் பக்கம் எழுதிக்கொண்டாள்.
கரைபிடிப்பு இரண்டுக்கும் நடுவில்
ஒரு மாதம் கிடந்தது, மேலே காப்பிக் கோப்பையின் வட்டம்.

மார்ச்சில் பாலம் தாண்டி
சுப்பீரியர் நகரத்து வேறொரு மேசைக்குப் போனாள், வேடிக்கை பார்க்க.
யாரோ எழுதிய ஆட்டம். பாலைவனம், ஒட்டகம்,
தண்ணீர் சொட்டுக்கூட இல்லை.
மணற்குழியில் விழுந்த திருடனைப் பார்த்து
பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண் கத்தினாள்:
"கரைபிடிப்பு போடு! சீக்கிரம்!"

ரொவீனா குற்றவாளி போல ஜன்னலைப் பார்த்தாள்.
இம்பிக்கு முதலில் வந்தது கோபம்தான்.
அதற்குள் பகடை மேசையிலிருந்து குதித்து
வெப்பக்குழாய்க்கு அடியில் ஓடி நின்றுவிட்டது.
திருடன் உயிரோடு இருக்கிறானா என்று
எல்லாரும் கேட்கிறார்கள்.
பக்கத்தில் இருப்பவள் அவள்தான்.
குனிகிறாள்.