மூன்றா எட்டா

இரத்த அழுத்தம் சரி.
சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்று
உள்ளே வரலாமா என்று கேட்கிறது.
இடுப்பை அளந்த நாடா
ஒன்றும் சொல்லாமல் சுருண்டுகொண்டது.
"கண் எப்படி?" என்றார் தாதி ஹஸ்னா.
"பருந்து மாதிரி" என்றேன்,
சுவர்க் கடிகாரத்தில் மணி பார்ப்பவன்போல்
நிமிர்ந்து உட்கார்ந்து.

புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகத்தில்
நான் இருநூற்றுப் பதினேழாம் எண்.
இருநூற்றுப் பதினாறு, பெரியவர் கோ,
எனக்கு முன்னால் உரக்கப் படித்தார்.
எட்டாம் வரியை அவர் வாயிலிருந்து
அப்படியே பிடுங்கி
நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன்:
டி, இ, எஃப், பி, ஓ...
திருட்டுதான்.
இத்தனை வருடக் காவலில்
நான் திருடியது இது ஒன்றுதான்.

ஆறு வருடமாகக்
கூட்டுரிமை வீட்டு வாசலில் இரவுவேலை.
வரும் கார்களின் எண்ணைக் குறிக்க வேண்டும்.
பன்னிரண்டாம் மாடி டாக்டரின் காரைச்
சத்தத்தில் அறிவேன்.
உணவு கொண்டுவரும் பையனை
அவன் பிரேக் போடும் விதத்தில்.
புதியவர்கள் வந்தால்தான் சங்கடம்.
மூன்றா எட்டா?
கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்
கூட நிற்கும் காவலர் என்னைப் பார்ப்பார்.
அதனால் ஓர் இலக்கம் கண்டுபிடித்தேன்.
எட்டைப்போல் வளைத்து
இடப்பக்கம் மயிரிழை திறந்து விட்டது.
மூன்று என்பவர்க்கு மூன்று,
எட்டு என்பவர்க்கு எட்டு.
ஒருவரும் கேட்டதில்லை.

பேருந்து நிறுத்தத்தில்
வருகிற எல்லாவற்றுக்கும் கைநீட்டுவேன்.
நின்ற பிறகு எண்ணைப் பார்த்துப்
பின்வாங்குவேன், சாரி, சாரி.
காப்பிக்கடையில்
முன்னால் நிற்பவர் கேட்டதே எனக்கும்.
பிடிக்காத மீன் பீஹூன்
எத்தனை கிண்ணம் ஆகியிருக்கும்.
சாரதாமணி ஒருநாள் கேட்டாள்:
"ஃபோன எதுக்கு அவ்ளோ தள்ளிப் பிடிக்கிறீங்க?"
வெளிச்சம் குத்துகிறது என்றேன்.
சொல்லாதது இதுதான்:
பார்வை போய்க்கொண்டிருக்கிறது,
அது போனால் உரிமம் போகும்,
அப்புறம் இரவுகளை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வேன்.

இடக்கண்ணை மூடி
பிசகாமல் ஒப்பித்தேன்.
ஹஸ்னா தலையசைத்தார்.
"நல்லது. அதே வரி.
இப்போது வலப்பக்கத்திலிருந்து."

சி, என்றேன்.
அதற்கப்புறம் வாய் திறந்தபடியே இருந்தது.
பின்னால் யாரோ இருமினார்கள்.

அவர் சிரிக்கவில்லை.
கறுப்புக் கரண்டி போன்ற ஒன்றைக் கொடுத்தார்,
நடுவில் ஊசித்துளைகள்.
துளைக்கு அப்பால்
ஓ வட்டமாக இருந்தது.
டிக்குத் தலையில் ஒரு கூரை.
இக்கு மூன்று பற்கள்.
ஒன்றை ஒன்று தொடாமல்
எல்லோரும் தனித்தனியாக நின்றார்கள்.
"துளையில் தெரிந்தால்
பெரும்பாலும் கண்ணாடியிலும் தெரியும்,"
மலாயில் சொன்னார்.
"மற்றதைக் கண் டாக்டர் பார்க்கட்டும்."
ஒரு தாளில் எழுதித் தந்தார்.

கண்ணாடியா?
ஆறு வருடப் பயத்துக்கு
இவ்வளவுதானா பேர்?
நிம்மதிக்கு முன்னால் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியாமல்.
வெளியே கோ கட்டைவிரலை உயர்த்தி
"நீயும் பாஸா?" என்றார்.
"ஃபெயில்" என்றேன்.
ஏனோ இருவரும் சிரித்தோம்.

நூற்று நாற்பது வெள்ளி.
மூக்கின்மேல் இரண்டு சிறு பள்ளங்கள்.
முதல் இரவு, பதினொன்றே கால்,
வெள்ளைக் கார் ஒன்று திரும்பும்போதே
இங்கிருந்தபடி படித்துவிட்டேன்.
எட்டு. எட்டேதான்.
பேனாவை எடுத்தேன்.
கைக்கு யாரும் கண்ணாடி மாட்டவில்லைபோல,
அது தன் பழக்கத்தில் வளைந்து
இடப்பக்கம் திறந்து விட்டது.

ஓட்டுநர் விளக்கை அணைத்து ஏற்றினார்.
ஒரு நிமிடம் என்று சைகை காட்டினேன்.
எட்டை மூடிவிட்டுத்
தடுப்பைத் தூக்கினேன்.