முழங்காலளவு

அறிவித்தலில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்:
நான்கு இடத்தில் தண்ணீர், முழங்காலளவு.
யாருடைய முழங்கால் என்று
சம்பூரில், தொடக்கக் கோட்டில் நின்று கேட்டேன்.
நிமலராஜ் சேர் சிரித்தார்.
ஆறடி இரண்டங்குலம் அவர்.

விடியவில்லை. விரலிடுக்கில் வசிலின்,
பாதத்தில் தேங்காயெண்ணெய்.
இலக்கம் அறுபத்தொன்று
நாலு ஊசியில் என் வயிற்றில் படபடத்தது.
முப்பத்தொரு கிலோமீற்றர் அங்கால் வெருகல்.

முதல் தண்ணீர் வெறும் வாய்க்கால்.
பாய்ந்து கடந்தவர்கள்
சேற்றுக்கு ஆளுக்கொரு சப்பாத்துக் கொடுத்துவிட்டுக்
குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள்.
நான் நடந்தேன்.
ஓட்டப்போட்டியில் நடக்கிறது வெட்கமில்லை என்று
கால்களுக்குத்தான் சொல்லவேண்டியிருந்தது.

இரண்டாவதில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
பிழை.
அடியில் சிப்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.
அக்கரையில் ஈரக்காலுக்குக் காலுறை ஏறாமல்
நாலு நிமிடம் குந்தியிருந்தேன்,
பத்தொன்பது பேர் தாண்டிப் போனார்கள்.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் முகத்துவாரம்.
மாரியில் வாய் வெட்டுண்டு
கழி முழுக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது,
அவசரமில்லாத மாதிரி, மிக வேகமாக.
குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.
நடுக்கயிறு தண்ணீருக்குள் கிடந்து துடித்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விடாமல்
ஆழம் தெரிந்துகொண்டவர் யார்?

"ராத்தா, பையிட நெஞ்சுப்பட்டியக் கழட்டுங்க.
விழுந்தா அது உங்களையும் இழுத்துட்டுப் போகும்."
இலக்கம் நூற்றிநாலு. கிண்ணியாக்காரி.
நீளக்கைச் சட்டை, நனைந்து கழுத்தோடு ஒட்டிய முக்காடு.
"காலத் தூக்காதீங்க, அரக்கி அரக்கி வாங்க.
திருக்கை படுத்திருந்தா அது தானா விலகிடும்.
தண்ணியப் பாக்காதீங்க. அந்தத் தாழையப் பாருங்க."

தாழையைப் பார்த்தேன்.
முழங்கால் போனது, தொடை போனது,
இடுப்பில் குளிர் ஒரு கயிறு கட்டியது.
அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
நான் அவள் பைவாரை.
தண்ணீர் இருவரையும் ஒரே ஆளென்று நினைத்துத் தள்ளியது.
தாழை மட்டும் அசையாமல் நின்றது.
நெஞ்சுக்கு வந்தபோது
எனக்குக் கடவுள் பெயர் ஒன்றும் வரவில்லை.
இலக்கம் நூற்றிநாலு, நூற்றிநாலு என்றே
வாய்க்குள் ஓடியது.

ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி,
கடந்தபிறகு நீ யார் நான் யார்.
அக்கா தங்கைக்கு அந்தப் பழமொழியை
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.
மணல் ஏறியதும் அவள் கையை உதறினாள்,
நான் வாரை விட்டேன்,
அவள் ஓடிவிட்டாள்.
அதில் பிழையொன்றுமில்லை. அது போட்டி.

இந்தமுறை நான் சப்பாத்தைக் கழற்றவில்லை.
சளக் சளக்கென்று
இரண்டு கால்களிலும் ஒவ்வொரு தவளை.
முந்நூறு மீற்றரில் தவளைகள் இறங்கிப்போயின.

நாலாவது கரையில் அவள் குந்தியிருந்தாள்.
"மண் தட்டுறன்" என்றாள்.
சப்பாத்து நாடா இரட்டை முடிச்சில்
காலையில் கட்டியபடியே இருந்தது.
நானும் கேட்கவில்லை. முழங்கையை நீட்டினேன்.
அந்தத் தண்ணீர்
உண்மையிலேயே முழங்காலளவுதான்.
பிடித்தபடியே கடந்தோம்.

கடைசி இரண்டு கிலோமீற்றரில்
அவளைத் தோற்கடிக்க என்னிடம் இருந்ததெல்லாம் போட்டேன்.
பதினொரு விநாடியால் அவள் வென்றாள்.
வெருகல் கோயில் மணி அடித்தது, எங்களுக்கல்ல.
பெயர் கேட்டேன். ஜெஸ்மிலா.
வாழைப்பழத்தில் பாதி தந்தாள்,
மற்றப் பாதியை முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள், அதற்கும் கால் இருந்தது அவளிடம்.

இப்போது காணிக் கந்தோரில்
மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
பெருவிரல் நகம் கறுத்து ஆடுகிறது.
வரைபடத்தில் கழி ஒரு மெல்லிய நீலக்கோடு,
ஆழம் குறிக்கவில்லை.
நிமலராஜ் சேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்:
மூன்றாவது தண்ணீர் என் நெஞ்சளவு,
ஜெஸ்மிலாவின் தோளளவு.
அடுத்த தையில் அப்படியே போடுங்கள்.