கெடு தேதி

லெந்து நாலாம் வாரம். ராணிப்பேட்டைக் காற்றில்
தோல் ஷாப்பு வாடை.
வேதத்தைத் திறந்தது ஜெபிக்க அல்ல,
அடகு வைத்த வளையலுக்குக் கெடு பார்க்க.

எங்கள் வீட்டில் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும்:
ரேஷன் அட்டை, கேஸ் பில்,
மாசிலாமணியின் ஸ்கேன் சீட்டு.

ரசீது இருந்த பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலில் அவர் கையெழுத்து. வெறும் தேதிகள்.
ஷாப்பு மூடின வருஷம்.
பாலாறு பாலத்தைத் தொட்ட நவம்பர்.
எப்சி பிறந்த மூன்றாம் நாள்,
அவளைப் புதைத்த நாள்.
ஒரே வசனத்துக்கு நேராக.
என்னிடம் சொன்னதே இல்லை.

படித்தேன். ஆறுதல் ஒன்றும் இல்லை அதில்.
எவனோ ஒருவன் கடவுளிடமே கேட்கிறான்,
இன்னும் எத்தனை நாளைக்கு என்று,
மரியாதை பார்க்காமல்.
அவன் கேட்டதை யாரும் அழிக்கவில்லை.
அச்சடித்து, தோல் அட்டை போட்டு
வைத்திருக்கிறார்கள்.

வேலூரில், வார்டில்,
ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு தூங்குகிறார்.
இங்கே மூன்று தேதிக்குக் கீழே
கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சில் அகப்படவில்லை.
பால் கணக்குப் பேனாவால்
இன்றைய தேதியைப் போட்டேன்.
மை அடுத்த பக்கம்வரை ஊறிவிட்டது.

பிறகுதான் ரசீதைப் பார்த்தேன்.
கெடு, பெரிய வெள்ளி.
அன்றைக்குக் கடை திறக்கமாட்டார்கள்.
இன்னும் ஒரு நாள் இருக்கிறது.