லைன் கிளியர்

மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள்
கிள்ளைக்குக் கிழக்கே பத்தொன்பதாம் கம்பத்தில்
கரண்ட் நின்றுவிட்டது.
சப்ஸ்டேஷனிலிருந்து கலியமூர்த்தி
லைன் கிளியர் கொடுத்தபோது ஆறு நாற்பது.
"சீக்கிரம் முடிங்க, இறால் பண்ணைக்காரன்
நாலாவது தடவை போன் பண்ணிட்டான்."

கம்பம் நிற்பது நிலத்தில் என்கிறது ஆபீஸ் வரைபடம்.
முழங்கால்வரை இறங்கியபின்
அதோடு சண்டை போட்டு என்ன செய்ய?
சேறு என் இடது பூட்ஸைக் கேட்டது.
கொடுத்தேன்.

உமரி சிவக்கத் தொடங்கியிருந்தது.
நுனியில் மட்டும்; அடியில் இன்னும் பச்சை.
ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன்.
உப்பு. அதன் பின்னால் இன்னும் உப்பு.
எல்லாம் கழிந்து, கடைசியாக
நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

ஏறினேன்.
கீழே வெறும் களியாகக் கிடந்தது
மேலிருந்து பார்க்க மரம்:
பெரிய ஓடை அடிமரம்,
பிரியும் வாய்க்கால்கள் கிளை,
கிளை நுனிகளில் விரல்கடைத் தண்ணீர்.
நுனிக்கொன்றாய்க் காய்த்திருந்தன கொக்குகள்.
கரையெங்கும் ஆண் நண்டுகள்
பஸ்ஸை நிறுத்துகிறவர்கள்போல
ஒற்றைப் பெருங்கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டின.
ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை.
கண்ணைத் தலைமேல் வைத்த சேற்று உளுவைகள்
மீனா பல்லியா என்ற முடிவை
நாளைக்குத் தள்ளிவிட்டுத் துள்ளின.
ரஷ்யாவுக்கோ எங்கோ போகவேண்டிய
பச்சைக்காலிகள் நாலு,
டிக்கெட் எடுத்துவிட்டவர்களின் நிதானத்தில்
மேய்ந்துகொண்டிருந்தன.

இன்சுலேட்டர் வெடித்திருந்தது.
ஏனென்று குனிந்து பார்த்தேன்.
கம்பத்துக்கு அந்தப் பக்கம், உமரிமேல்
ஒரு செம்பருந்து.
ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.
சிறகு முழுக்க விரிந்து,
நகங்களில் விடாமல் ஒரு மடவை:
ஒரு பக்கம் வெந்தும்
ஒரு பக்கம் வெள்ளியாகவும்.

கைகள் இரண்டும் வேண்டியிருந்தன.
ஸ்பேனரை வாயில் கடித்துக்கொண்டேன்.
அப்போதுதான் ஓடையில் அந்தத் தலை தெரிந்தது.
கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெண்.
கூடைக் கயிறு பல்லில்,
கைகள் இரண்டும் அடிச்சேற்றில்.
வலை இல்லை, தூண்டில் இல்லை.
கண் எங்கோ நிற்க
விரல்கள் மட்டும் இறாலைத் தடவித் தேடின.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
இருவர் வாயிலும் வேலை.
புருவத்தால் கிழக்கைக் காட்டினாள்.

முகத்துவாரத்தில் தண்ணீர் திரும்பியிருந்தது.
சத்தமில்லை, அலையில்லை.
என் மரத்தின் கிளைகள்
ஒவ்வொன்றாகப் பருத்துக்கொண்டிருந்தன.
கொக்குகள் ஓரடி பின்வைத்தன.
நண்டுகள் ஆளுக்கொரு களி உருண்டையை இழுத்துக்
கதவடைத்துக்கொண்டன.

நான் இறங்கும்போது
தண்ணீர் பருந்தின் ஒரு சிறகைத்
தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது.

அவளும் வரப்பேறியிருந்தாள். பேர் பூங்காவனமாம்.
கூடையில் ஒரு படிக்குக் குறைவாய் இறால்,
ஒரு நண்டு, அதன் கோபம்.
"அந்த மடவையை எடுத்துக்கறியா?" என்றேன்.
பருந்தைப் பார்த்தாள்.
"அது, அதோடது."
கயிற்றை மறுபடி கடித்துக்கொண்டு
அடுத்த ஓடைக்குப் போய்விட்டாள்.

ஏழு ஐம்பதுக்கு லைன் சார்ஜ்.
கம்பியில் பழைய ரீங்காரம்.
தூரத்துப் பண்ணைகளில்
காற்றுச் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கத் தொடங்கின.

பதிவேட்டில் காரணத்துக்கான கட்டம் அரை அங்குலம்.
'பறவை' என்று எழுதினேன்; சரியாக இருந்தது.
மடவைக்கு இடமில்லை.

பூட்ஸுக்குத் தனியாக எழுதித்தர வேண்டுமாம்.
தொலைந்தது என்று எழுதலாம்.
ஆனால் இருக்கும் இடம் தெரியுமே;
இந்நேரம் யாரோ குடிவந்து
கதவையும் சாத்தியிருப்பார்கள்.